தரவுத்தள டிரைவருக்கு வெர்ஷன் எண் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

2017 பிப்ரவரியில் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் ஜேடிபிசி டிரைவர், அதாவது ஜாவா அப்ளிகேஷன் அந்தத் தரவுத்தளத்தோடு பேச உதவும் லைப்ரரி, 9.4.1212-லிருந்து ஒரே தாவாகத் தாவி 42.0.0-வில் போய் நின்றது. நடுவில் 10 இல்லை, 11 இல்லை, எதுவுமே இல்லை. 42 என்பது புரோகிராமர்கள் மத்தியில் பழைய ஜோக். தாவியதற்கான காரணம் மட்டும் ஜோக் இல்லை. அதுவரை டிரைவரின் எண் சர்வரின் எண்ணைப் பார்த்து வைக்கப்பட்டது. அதனால் 9.6 சர்வர் வைத்திருந்தவர் "எனக்கான 9.6 டிரைவர் எங்கே?" என்று தேடினார். 9.1 வைத்திருந்தவர் "இது நமக்கு ஆகாது" என்று பழைய டிரைவரிலேயே தங்கிவிட்டார். உண்மையில் அந்த ஒரே டிரைவர் இரண்டு பேருக்கும் வேலை செய்திருக்கும்.

டிரைவருக்கு எண் போடுவது மற்ற லைப்ரரிகளுக்குப் போடுவதை விடச் சிக்கலானது. டிரைவர் இரண்டு பக்கத்துக்கு நடுவில் நிற்கிறது: ஒரு பக்கம் அப்ளிகேஷன், இன்னொரு பக்கம் சர்வர். எண்ணை வைத்து இரண்டு பக்கத்திடமும் ஒரே நேரத்தில் பேசப் பார்த்தால் இரண்டுக்கும் புரியாது. எண் அப்ளிகேஷன் எழுதுபவரிடம் மட்டும் பேசட்டும், சர்வர் விஷயத்தை ஒரு அட்டவணை பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் கட்சி. கீழே உள்ள படிகள் எல்லாம் அதை நடைமுறைப்படுத்துவதற்குத்தான்.

படி 1: எண் யாருக்காக என்று முடிவு செய்யுங்கள்

ஒரு டிரைவரைச் சுற்றி குறைந்தது ஐந்து எண்கள் ஓடுகின்றன. டிரைவரின் சொந்த எண். சர்வரின் எண். இரண்டுக்கும் நடுவே பேசப்படும் புரோட்டோகாலின் எண். மொழியின் எண், அதாவது ஜாவா 8, ஜாவா 17 மாதிரி. கடைசியாக, அந்த மொழியில் எல்லா டிரைவர்களும் பின்பற்றும் பொது இடைமுகத்தின் எண்: ஜேடிபிசி 4.2, பைதானின் டிபி-ஏபிஐ 2.0 போன்றவை.

இவை ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. போஸ்ட்கிரஸ் சர்வர் வருடத்துக்கு ஒரு மேஜர் ரிலீஸ் (பெரிய பதிப்பு) விடுகிறது. அதன் புரோட்டோகாலோ 2003-ல் 7.4 சர்வரோடு 3.0 ஆனது, அடுத்த எண்ணான 3.2 வந்தது 2025-ல், 18-வது பதிப்போடு. இந்த ஐந்தையும் ஒரு பெயருக்குள் திணித்தால் என்ன ஆகும் என்பதற்கு அதே போஸ்ட்கிரஸ் டிரைவரின் பழைய ஃபைல் பெயரே சாட்சி: 9.4-1201-ஜேடிபிசி41. 9.4 சர்வரைச் சொல்கிறது. 1201 பில்டைச் சொல்கிறது. ஜேடிபிசி41 என்றால் ஜாவா 7-க்கானது என்று பொருள், அதை நீங்களே தெரிந்து வைத்திருக்க வேண்டும். இத்தனையும் சொல்லிவிட்டு, அப்ளிகேஷன்காரர் கேட்கும் ஒரே கேள்விக்குப் பதில் இல்லை: "இதை மாற்றினால் என் கோடு உடையுமா?"

மற்றவர்கள் வேறு வழிகளில் போயிருக்கிறார்கள், எல்லாம் தப்பு என்றும் சொல்ல முடியாது. மைஎஸ்கியூஎல்லின் கனெக்டர்/ஜே 5.1-க்குப் பிறகு 6.0 என்று சோதனை ரிலீஸ் விட்டது. அப்புறம் சர்வரோடு ஒத்துப்போக 7-ஐத் தாண்டி 2018-ல் 8.0 ஆனது. சர்வரும் டிரைவரும் ஒரே கையிலிருந்து, சேர்ந்தே வெளிவருகிற இடத்தில் இது ஓடும். நீங்கள் வேறொருவருடைய சர்வருக்கு டிரைவர் எழுதுபவர் என்றால் ஓடாது. அவர்களுடைய ரிலீஸ் தேதி உங்கள் கையில் இல்லை.

எஸ்கியூலைட்டின் ஜேடிபிசி டிரைவர் 3.36.0.3 என்று நான்கு எண் வைக்கிறது. முதல் மூன்று எஸ்கியூலைட்டுடையது, கடைசி மட்டும் டிரைவருடையது. அங்கே சர்வர் என்று தனியாக ஒன்று கிடையாது, எஞ்சினே டிரைவரின் ஜார் ஃபைலுக்குள் இருக்கிறது. அதனால் "உள்ளே எது இருக்கிறது" என்பதுதான் பயனர்களின் முதல் கேள்வி, எண்ணும் அதற்குப் பதில் சொல்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. டிரைவர் தன் பக்கத்தில் பெரிய மாற்றம் செய்தால் அதைக் காட்ட அந்தக் கடைசி எண்ணைத் தவிர இடமே இல்லை.

ஓப்பன் சோர்ஸ் இல்லை என்றாலும் ஆரக்கிளின் ஓஜேடிபிசி8, ஓஜேடிபிசி11 என்ற பெயர்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அந்த 8, 11 எல்லாம் ஜாவாவின் எண்கள். ஆரக்கிள் 11 சர்வர் என்று ஒன்று இருந்ததால், இதைப் பார்த்துக் குழம்பாத புதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

படி 2: மூன்று எண் முறையை எடுத்துக்கொள்ளுங்கள், 0-வில் தங்காதீர்கள்

டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய செமாண்டிக் வெர்ஷனிங் விதிகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மேஜர்.மைனர்.பேட்ச். உடைத்தால் முதல் எண், உடைக்காமல் சேர்த்தால் இரண்டாவது, சரிசெய்தால் மூன்றாவது. வருடம், மாதத்தை எண்ணாக வைக்கும் முறை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பொருந்தலாம். டிரைவருக்கு வேண்டாம், எப்போது வந்தது என்பதைவிட என்ன உடையும் என்பதுதான் இங்கே முக்கியம்.

0.x என்ற நிலையில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அந்த விதி சலுகை தருகிறது. லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவிகளான பேக்கேஜ் மேலாளர்களும் அதை மதிக்கின்றன. ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம்மில் ^1.2.3 என்று எழுதினால் 2.0.0-க்குக் கீழே உள்ள எல்லாம் வரும். ^0.2.3 என்று எழுதினால் 0.3.0-க்குக் கீழே உள்ளவை மட்டும் வரும். அதாவது 0-வில் இருக்கும்வரை உங்கள் மைனர் ரிலீஸ் ஒவ்வொன்றும் மேஜராகவே கருதப்படும். வசதி சேர்த்து 0.8 விட்டால் யாருக்கும் தானாகப் போய்ச் சேராது. ரஸ்ட் மொழியின் போஸ்ட்கிரஸ் டிரைவர் ஆண்டுக்கணக்காக 0.19-லேயே இருக்கிறது, நன்றாக வேலை செய்யும் டிரைவர்தான், புரொடக்‌ஷனில் ஓடுகிறதுதான். நான் வைத்துக்கொண்ட அளவுகோல் இது: உங்களுக்கு அறிமுகமில்லாத ஒருவர் அதை புரொடக்‌ஷனில் போட்டுவிட்டார் என்று தெரிந்தால் 1.0 விடுங்கள்.

இன்னொன்று. எண் கீழே இறங்க முடியாது. போஸ்ட்கிரஸ் டிரைவர் புதிய முறைக்கு மாறும்போது 1.0 என்று புதிதாகத் தொடங்கியிருந்தால், ஜாவாவின் பேக்கேஜ் மேலாளரான மேவன் அதை 9.4-ஐ விடப் பழையது என்று எடுத்துக்கொண்டிருக்கும். மேலேதான் தாவியாக வேண்டும். பைதானில் "1!1.0" என்று ஆச்சரியக்குறி போட்டு யுகத்தையே மாற்ற ஒரு வழி இருக்கிறது. சட்டப்படி சரி, பார்க்கத்தான் சகிக்காது.

படி 3: எதெல்லாம் உங்கள் வாக்குறுதி என்று எழுதி வையுங்கள்

இந்த வேலையை யாரும் செய்வதில்லை. செய்யாததால்தான் "இது மேஜரா, மைனரா" என்று ஒவ்வொரு ரிலீஸிலும் சண்டை வருகிறது. ஃபங்ஷன் பெயர்கள் மட்டும்தான் பொது இடைமுகம் என்று நினைப்பது டிரைவர் எழுதுபவர்களின் வழக்கமான தவறு. ஃபங்ஷன்களிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அங்கேகூடக் கண்ணில் படாத உடைப்புகள் உண்டு.

ரெடிஸ் தரவுத்தளத்தின் பைதான் டிரைவரில் 2.x காலத்தில் இரண்டு கிளாஸ்கள் இருந்தன: ரெடிஸ், ஸ்ட்ரிக்ட்ரெடிஸ். காலாவதி நேரத்தோடு ஒரு மதிப்பைச் சேமிக்கும் செட்எக்ஸ் ஃபங்ஷன் முதலாவதில் பெயர், மதிப்பு, நேரம் என்ற வரிசையில் வாங்கியது. இரண்டாவதில் பெயர், நேரம், மதிப்பு என்ற வரிசை, அதாவது சர்வரே எதிர்பார்க்கும் வரிசை. 2018-ல் வந்த 3.0-வில் பழைய ரெடிஸ் கிளாஸின் நடத்தையை நீக்கிவிட்டு ஸ்ட்ரிக்ட்ரெடிஸின் நடத்தையை அதே பெயரில் வைத்தார்கள். இப்போது ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள்:

செட்எக்ஸ்("ஓடிபி:77", 4821, 300)

2.x-ல் இதற்கு அர்த்தம்: 4821 என்ற ஓடிபியை 300 விநாடி வைத்திரு. 3.0-வில் அர்த்தம்: 300 என்ற மதிப்பை 4821 விநாடி வைத்திரு. எர்ரர் வராது, லாகில் எதுவும் தெரியாது. ஐந்து நிமிடத்தில் சாக வேண்டியது எண்பது நிமிடம் உயிரோடு இருக்கும், அதுவும் தப்பான எண்ணாக. அவர்கள் மேஜர் எண்ணை ஏற்றித்தான் விட்டார்கள், மாற்றத்தை எழுதியும் வைத்தார்கள்; அது சரியான நடத்தை. இதையே மைனராக விட்டிருந்தால் எத்தனை இடத்தில் யாருக்கும் தெரியாமல் உடைந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து கனெக்‌ஷன் ஸ்ட்ரிங். சர்வரின் முகவரியையும் அமைப்புகளையும் டிரைவருக்குச் சொல்லும் வரி அது. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் பொது இடைமுகம்தான். மைஎஸ்கியூஎல்லிலிருந்து கிளைத்த மரியாடிபியின் ஜாவா டிரைவர் 2.x வரை "ஜேடிபிசி:மைஎஸ்கியூஎல்:" என்று தொடங்கும் முகவரியையும் ஏற்றுக்கொண்டது. 3.0-விலிருந்து தன் சொந்தப் பெயரில் தொடங்குவதை மட்டும்தான் ஏற்கும், தனியாக அனுமதி கொடுத்தால் ஒழிய. கோடில் ஒரு எழுத்துகூட மாறவில்லை, கான்ஃபிக் ஃபைலில் கிடந்த ஒரு வரி செல்லாமல் போனது.

இயல்பு மதிப்புகள் இதைவிட மோசம், ஏனென்றால் அவை எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. மைக்ரோசாஃப்ட்டின் எஸ்கியூஎல் சர்வர் ஜேடிபிசி டிரைவர் 9.4-க்கு அடுத்த நிலையான ரிலீஸான 10.2-வில் என்கிரிப்ஷனை இயல்பாகவே "ஆன்" என்று மாற்றியது. பாதுகாப்பு நோக்கில் நல்ல முடிவு. ஆனால் சொந்தமாகக் கையெழுத்திட்ட சான்றிதழோடு ஓடிக்கொண்டிருந்த சர்வர்களுக்கு டிரைவரை மாற்றியதும் கனெக்‌ஷனே கிடைக்கவில்லை. டைம்அவுட், கனெக்‌ஷன் பூலின் அளவு, ஆட்டோகமிட் எல்லாமே இதே வகையறா.

டேட்டா டைப் மாற்றம். தசம எண்ணை டெசிமலாகத் தருகிறீர்களா, ஃப்ளோட்டாகத் தருகிறீர்களா? நேர மண்டலத்தோடு கூடிய நேரத்தை என்னவாகத் தருகிறீர்கள்? நானே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு சிறிய டிரைவரில் நேர மண்டலம் இல்லாமல் வந்த தேதி-நேரத்துக்கு யுடிசி என்று ஒட்டி அனுப்பும் திருத்தத்தை "பக் சரிசெய்யப்பட்டது" என்று பேட்சாக விட்டேன். என் பார்வையில் அது பக். பயன்படுத்திய குழுவோ அந்த பக்கை நம்பி, தாங்களே மண்டலத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு முறை ஒட்டப்பட்டதில் அவர்களுடைய ரிப்போர்ட்டில் பாதி வரிகள் முந்தைய நாளுக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து திரும்பி வரும் மதிப்பின் டைப்போ அர்த்தமோ மாறினால் எனக்கு அது மேஜர்தான், எவ்வளவு வெளிப்படையான பக்காக இருந்தாலும்.

எர்ரர்கள். எக்ஸெப்ஷன் கிளாஸும் எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற எர்ரர் குறியீடும் வாக்குறுதியில் சேரும் என்று எழுதுங்கள். யுனிக் கட்டுப்பாடு மீறப்பட்டால் போஸ்ட்கிரஸில் 23505. அதைப் பிடித்து வேலை செய்யும் கோடு உலகம் முழுக்க இருக்கிறது. எர்ரர் வாசகம் வாக்குறுதியில் சேராது என்பதையும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வாசகத்தை ரெகெக்ஸ் போட்டுத் தேடும் ஆட்கள் இருப்பார்கள்தான். அவர்களிடம் காட்டவாவது ஒரு வரி வேண்டுமே.

படி 4: எந்த எண்ணை ஏற்றுவது

மூன்றாவது படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இதில் பாதி தானாக முடிந்துவிடும். மிச்சம் இருப்பவை டிரைவர்களுக்கே உரிய சில இழுபறிகள்.

புதிய சர்வருக்கு ஆதரவு சேர்ப்பது மைனர். போஸ்ட்கிரஸ் 10-ல் ஸ்க்ராம் என்ற புதிய பாஸ்வேர்டு சரிபார்ப்பு முறை வந்தது. ஜேடிபிசி டிரைவர் அதை 42.2.0-வில் சேர்த்தது. பழைய கோடு எதுவும் உடையவில்லை, புதிய கதவு ஒன்று திறந்தது. பின்னால் 14-வது சர்வரில் ஸ்க்ராமே இயல்பான முறையானபோது 42.2-க்கு முந்தைய டிரைவர் வைத்திருந்தவர்களுக்கு "ஆதென்டிகேஷன் வகை 10-க்கு ஆதரவு இல்லை" என்ற எர்ரர் வந்தது. அந்த 10 சர்வரின் எண் என்று நினைத்துத் தேடி அலைந்தவர்கள் உண்டு. அது புரோட்டோகாலில் அந்த முறைக்குள்ள குறியீடு, அவ்வளவுதான்.

பழைய சர்வருக்கு ஆதரவை நிறுத்துவது மேஜர். "அந்த சர்வர் செத்து மூன்று வருடம் ஆகிறது, யார் வைத்திருப்பார்கள்" என்று தோன்றும். வைத்திருப்பார்கள். சோதிப்பதை நிறுத்துவது வேறு, கோடை நீக்குவது வேறு. முதலாவதை மைனரில் அறிவிக்கலாம்.

மொழியின் பழைய பதிப்பை விடுவதில் கருத்து வேறுபாடு நிறைய. போஸ்ட்கிரஸ் ஜேடிபிசி 42.3.0 என்ற மைனர் ரிலீஸிலேயே ஜாவா 6, 7 இரண்டையும் விட்டது. என்னைக் கேட்டால் பேக்கேஜ் மேலாளரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பைதானில் எந்தப் பதிப்பு தேவை என்று பேக்கேஜிலேயே எழுதி வைக்கலாம்; பிப் அதைப் பார்த்து, பழைய பைதான் வைத்திருப்பவருக்குப் பொருந்தும் பழைய டிரைவரைத் தானாக எடுத்துத் தரும். அங்கே மைனர் போதும். மேவன் அப்படிப் பார்ப்பதில்லை. இறக்கிக் கொடுத்துவிடும், ஓடும்போது கிளாஸ் ஃபைலின் பதிப்பு பிடிக்கவில்லை என்று விழும். அங்கே மேஜர்தான் நியாயம்.

படி 5: சர்வரின் எண்ணைப் படிக்கும்போது

உங்கள் எண்ணை மற்றவர்கள் படிப்பது ஒருபுறம். உங்கள் டிரைவரும் சர்வரின் எண்ணைப் படிக்கிறது. இங்கே விழுந்த டிரைவர்கள் ஏராளம்.

எண்ணை ஸ்ட்ரிங்காக ஒப்பிடாதீர்கள். "10" என்பதும் "9" என்பதும் எழுத்துகளாக வந்தால் 1 என்ற எழுத்து 9-க்கு முன்னால் வருவதால் "10" சிறியதாகிவிடும். பத்தாவது பதிப்பு வரும்வரை இந்த பக் தூங்கிக்கொண்டே இருக்கும்.

போஸ்ட்கிரஸ் 10 வந்தபோது இன்னொரு அடியும் சேர்ந்து விழுந்தது. 9.6 வரிசை வரை முதல் இரண்டு எண்ணும் சேர்ந்ததுதான் மேஜர். 10-லிருந்து முதல் எண் மட்டுமே மேஜர், 10.1 என்பது வெறும் திருத்த ரிலீஸ். முதல் இரண்டு எண்ணை வெட்டி எடுத்து மேஜர் என்று நம்பிய கோடெல்லாம் 10.1-ஐயும் 10.2-வையும் இரண்டு வேறு தலைமுறைகளாகப் பார்த்தது. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது, சர்வர் முழு எண்ணாகவும் தன்னைச் சொல்லிக்கொள்கிறது: 9.6.3 என்றால் 90603, 10.1 என்றால் 100001. அதைக் கேளுங்கள். 100000-ஐ விடப் பெரியதா சிறியதா என்று ஒரே ஒப்பீட்டில் முடிந்துவிடும்.

மரியாடிபி கதை இன்னும் சுவாரஸ்யம். 10-வது வரிசை சர்வர்கள் கனெக்‌ஷன் தொடங்கும்போது தங்களை "5.5.5-10.3.12-மரியாடிபி" என்கிற மாதிரி அறிமுகம் செய்துகொள்ளும். சர்வர்களுக்கு இடையே தரவை நகலெடுக்கும் பழைய ரெப்ளிகேஷன் கோடு முதல் எண் ஒற்றை இலக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்ததால் முன்னால் ஒரு 5.5.5-ஐ முகமூடியாக ஒட்டினார்கள். 11.0-வில்தான் அது கழற்றப்பட்டது. அது தெரியாமல் எழுதிய டிரைவர் 10-வது வரிசை மரியாடிபி அத்தனையையும் மைஎஸ்கியூஎல் 5.5 என்றே நம்பும்.

முடிந்தவரை எண்ணைக் கேட்காமல் திறனைக் கேளுங்கள். மோங்கோடிபி சர்வர் முதல் வணக்கத்திலேயே தான் பேசும் புரோட்டோகாலின் குறைந்தபட்ச, அதிகபட்ச எண்களைச் சொல்லிவிடும். டிரைவர் தன் எல்லையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டும் எங்கேயும் சந்திக்கவில்லை என்றால் தெளிவான எர்ரரோடு நிற்கும். காக்ரோச்டிபி மாதிரி போஸ்ட்கிரஸின் புரோட்டோகாலைப் பேசும் வேறு சர்வர்களும் ஒரு போஸ்ட்கிரஸ் எண்ணைத்தான் சொல்லும். அந்த எண்ணை வைத்து எல்லா வசதியும் இருக்கும் என்று முடிவு கட்டினால் ஏமாற்றம்தான்.

இந்தப் படியில் உங்களுக்குக் கிடைக்கும் தகவலைத்தான் ரீட்மியில் அட்டவணையாகப் போட வேண்டும். ஒரு பக்கம் டிரைவரின் மைனர் வரிசைகள், இன்னொரு பக்கம் சர்வரின் மேஜர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: சோதிக்கிறோம், ஓடும் ஆனால் சோதிப்பதில்லை, ஓடாது. வெறும் டிக் அடையாளம் போட்டால் நடுவில் உள்ள அந்த இரண்டாவது வகை காணாமல் போய்விடும். கேள்விகள் எல்லாம் அதைப் பற்றித்தான் வரும்.

படி 6: டிரைவர் தன் எண்ணைத் தானே சொல்லட்டும்

எண் ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும், மற்ற எல்லாம் அங்கிருந்து எடுக்க வேண்டும். கிட் டேகில் 2.4.1, கோடுக்குள் 2.4.0 என்று வெளியான டிரைவர்களை எல்லோரும் பார்த்திருப்போம்.

ஓடும்போது கேட்டால் சொல்லும் வழி வையுங்கள். ஜேடிபிசியில் மேஜர், மைனர் இரண்டையும் எண்ணாகக் கேட்கலாம், பேட்சுக்குத் தனி வழி கிடையாது. முழு எண் ஸ்ட்ரிங்காகத்தான் வரும். ஜேடிபிசி மாதிரியே இன்னொரு பொது இடைமுகமான ஓடிபிசியின் டிரைவர் என்றால் இரண்டு, இரண்டு, நான்கு இலக்கம் என்று வடிவமே விதிக்கப்பட்டிருக்கிறது. போஸ்ட்கிரஸின் ஓடிபிசி டிரைவர் 16.00.0000 என்று நீளமாக நிற்பதன் ரகசியம் அதுதான்.

சர்வரிடமும் சொல்லுங்கள். மோங்கோடிபி டிரைவர்கள் வணக்கம் சொல்லும்போதே பெயரையும் பதிப்பையும் அனுப்புகின்றன. மைஎஸ்கியூஎல்லில் கனெக்‌ஷன் பண்புகளாக அனுப்பலாம். ரெடிஸ் 7.2-லிருந்து கிளையன்ட் செட்இன்ஃபோ கட்டளை இருக்கிறது. அனுப்பியதை கிளையன்ட் லிஸ்ட்டில் பார்க்கலாம். நூறு அப்ளிகேஷன் ஒரே சர்வரைத் தொடும் இடத்தில் "பழைய டிரைவரை இன்னும் யார் வைத்திருக்கிறார்கள்" என்ற கேள்விக்கு தரவுத்தள நிர்வாகிக்குக் கிடைக்கும் பதில் இது ஒன்றுதான்.

படி 7: முன்னோட்ட ரிலீஸும் பின்னொட்டும்

முன்னோட்ட ரிலீஸுக்கு ஆர்சி (ரிலீஸ் கேண்டிடேட்) என்று பின்னொட்டு வைப்பார்கள்: 2.0.0-ஆர்சி9, 2.0.0-ஆர்சி10. எது புதியது? செமாண்டிக் வெர்ஷனிங் விதிப்படி ஆர்சி9. எழுத்தும் எண்ணும் ஒட்டியிருந்தால் முழுவதையும் எழுத்தாக ஒப்பிடச் சொல்கிறது விதி. நடுவில் புள்ளி வைத்து ஆர்சி.9, ஆர்சி.10 என்று எழுதினால் சரியாக வரும். பைதானுக்கு வேறு வடிவம்: ஹைபன் இல்லாமல் ஒட்டியே எழுதுவார்கள், அங்கே எண் எண்ணாகவே ஒப்பிடப்படும். என்பிஎம்மில் முன்னோட்டத்தை "நெக்ஸ்ட்" என்ற டேகில் வெளியிடுங்கள். என்பிஎம் 10 வரையிலான பதிப்புகளில் டேக் சொல்லாமல் விட்டால் முன்னோட்டமே "லேட்டஸ்ட்" ஆகிவிடும், சும்மா இன்ஸ்டால் செய்பவர் கையில் அதுதான் போய் விழும்.

பின்னொட்டு பொல்லாதது. 42.2.5 ஜாவா 8-க்கு, 42.2.5.ஜேஆர்இ7 ஜாவா 7-க்கு என்று வெளியானது. மேவனின் ஒப்பீட்டு விதியில் ஆல்ஃபா, பீட்டா, ஆர்சி போன்ற தெரிந்த சொற்கள் அசல் ரிலீஸுக்குக் கீழே. தெரியாத சொல் வந்தால் மேலே. அதனால் 42.2.5.ஜேஆர்இ7 என்பது 42.2.5-ஐ விடப் "புதியது". தானாக அப்டேட் பரிந்துரைக்கும் கருவிகள் ஜாவா 8-ல் நிம்மதியாக இருப்பவரை ஜாவா 7-க்கான ஃபைலுக்கு மாறச் சொல்லும். இயங்குசூழலுக்கு ஏற்ப வேறு பில்ட் வேண்டும் என்றால் எண்ணைத் தொடாதீர்கள், பேக்கேஜின் பெயரில் காட்டுங்கள்.

படி 8: மேஜர் விடும்போது பழையதும் புதியதும் சேர்ந்து வாழட்டும்

பெரிய அப்ளிகேஷன் ஒன்று ஒரே நாளில் டிரைவரை மாற்றிவிடாது. பாதி மாட்யூல் பழையதில், பாதி புதியதில் என்று சில மாதம் ஓடும். கோ மொழி இதை விதியாகவே வைத்திருக்கிறது: இரண்டாவது மேஜரிலிருந்து இம்போர்ட் பாதையிலேயே எண் வர வேண்டும். பிஜிஎக்ஸ் டிரைவரின் பாதை /வி4 என்று இருந்தது /வி5 ஆனது. இரண்டையும் ஒரே புரோகிராமில் வைக்கலாம். பைதானில் சைகாப்ஜி2 என்று பெயரிலேயே எண் இருந்த டிரைவரின் அடுத்த தலைமுறை 2021-ல் வெறும் சைகாப்ஜி என்ற பெயரில், 3.0 என்ற எண்ணோடு வந்தது. இரண்டும் பக்கத்து பக்கத்தில் கிடக்கும், இடிக்காது.

பெயரை மாற்றி, உள்ளே கிளாஸ் பெயர்களை மாற்றாமல் விடுவதுதான் ஆபத்து. வேறு ஏதோ லைப்ரரி வழியாகப் பழைய ஜார், நேரடியாகப் புதிய ஜார், இரண்டிலும் ஒரே கிளாஸ். எது முதலில் ஏறுகிறதோ அதுதான் ஓடும். கிளாஸ் பெயரை மாற்றுவதானால் கனெக்டர்/ஜே செய்ததைப் பாருங்கள்: 8.0-வில் டிரைவர் கிளாஸின் பெயரில் "சிஜே" சேர்ந்தது, பழைய பெயரும் உயிரோடு இருந்தது, அழைத்தால் "இது வழக்கொழிந்தது" என்று ஒரு வரி அச்சிட்டுவிட்டு வேலையைச் செய்தது.

படி 9: ரிலீஸ் நாள்

சேஞ்ச்லாகை எழுதுங்கள், டேக் போடுங்கள், பேக்கேஜை ஏற்றுங்கள், இந்த வரிசையில். ஏற்றிய பிறகு தப்பு தெரிந்தால் அதே எண்ணில் திரும்ப ஏற்றப் பார்க்காதீர்கள். பைதான் பேக்கேஜ் களஞ்சியமான பைபிஐ அதே பெயரில் இரண்டாவது ஃபைலை ஏற்காது, நீக்கிவிட்டுப் போட்டாலும் ஏற்காது. மேவன் சென்ட்ரலிலும் மாற்ற முடியாது. கோ மொழியில் கிட் டேகை நகர்த்திவிடலாம், ஆனால் செக்சம் பதிவேட்டில் பழைய கணக்கு ஏற்கெனவே பதிவாகியிருக்கும். இறக்குபவருக்கு யாரோ கோடை மாற்றிவிட்டார்கள் என்ற பாதுகாப்பு எச்சரிக்கை வரும். 2.4.1 கெட்டுப்போனால் 2.4.2 விடுங்கள். 2.4.1-ஐ பைபிஐயில் "யாங்க்" செய்யுங்கள், கோவில் "ரிட்ராக்ட்" என்று குறியுங்கள். இரண்டுமே "இதைப் புதிதாக எடுக்காதீர்கள்" என்ற அறிவிப்புதான். எண்களுக்குப் பஞ்சமில்லை.

படி 10: பழைய கிளைகள்

2024 பிப்ரவரியில் போஸ்ட்கிரஸ் ஜேடிபிசி டிரைவரில் ஒரு எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் ஓட்டை வெளியானது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2024-1597. எளிய குவெரி முறையை வேண்டுமென்றே இயக்கியவர்களுக்கு மட்டும்தான் பாதிப்பு. திருத்தம் ஒரே நேரத்தில் ஆறு எண்களில் வந்தது: 42.7.2, 42.6.1, 42.5.5, 42.4.4, 42.3.9, 42.2.28. ஒவ்வொரு மைனர் வரிசையிலும் கடைசி எண் மட்டும் ஒன்று ஏறியது. 42.2-ல் ஆறு வருடமாக இருந்தவர் 42.7-க்கு ஏறத் தேவையில்லாமல் ஓட்டையை மட்டும் அடைத்துக்கொண்டார்.

ஆறு கிளையைப் பராமரிக்க உங்களால் முடியாது. என்னாலும் முடியாது. தனி ஆளாக நடத்தும் டிரைவருக்கு இப்போதைய மேஜரின் கடைசி மைனரும், முந்தைய மேஜரின் கடைசி மைனரும் போதும். முந்தையதற்குப் பாதுகாப்புத் திருத்தம் மட்டும், அதுவும் ஒரு தேதி வரை. அந்தத் தேதியை ஐந்தாவது படியில் போட்ட அதே அட்டவணையில், வரிசைக்குப் பக்கத்தில், நாள் மாதம் வருடத்தோடு எழுதுங்கள். "விரைவில் நிறுத்தப்படும்" என்று எழுதினால் ஒருவரும் நகரமாட்டார்கள்.